பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்த வகுப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நலம் விசாரிக்கும் வரிகளைத் தாண்டிவிட்டுத்தான் நீ எந்தக் கடிதத்தையும் படிப்பாய் என்பதால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறேன்: உன் முழங்கால், அத்தானின் ரத்த அழுத்தம், கடை, கடைக்குப் புதிதாக வந்த தையல் மெஷின், எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றனவா? இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவற்றுக்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு கேள்வி. ‘மாணவர் கேட்கும் கேள்விக்கு ஆசிரியருக்கு விடை தெரியாதபோது அவர் முதலில் செய்யத்தக்கது எது? (அ) அது பாடத்திட்டத்தில் இல்லை என விளக்குதல். (ஆ) கேட்டதற்காகப் பாராட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்தல். (இ) மறுநாள் விடையளிப்பதாக உறுதி கூறுதல். (ஈ) அக்கேள்வியை வகுப்பிடமே திருப்பிக் கேட்டல்.’ நீ அனுப்பிய கையேடுகளில் ஒன்றில் இது இருக்கிறது. போன தடவை நான் எழுதிய தகுதித் தேர்விலும் இருந்தது, உன் காலத்துத் தேர்விலும் இருந்ததாக நீ சொன்னாய். அன்றைக்கும் எனக்கு விடை தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. நாலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மணி அடித்துவிட்டது. அதற்குப் பின்னால் வந்த கேள்விகள் எல்லாம் சுலபமானவை என்று வெளியே வந்த பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். நான் அந்தப் பக்கங்களைப் பார்க்கவே இல்லை.

“உனக்குத் தெரிஞ்சதை யாருடி எழுதச் சொன்னாங்க? அவங்களுக்கு எது வேணுமோ அதை எழுதிட்டு வா” என்று நீ போனில் சொன்னாய். அவர்களுக்கு எது வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாதே, அக்கா. நீ கல்லூரி முடித்த கையோடு அதே தேர்வை ஒரே தடவையில் தாண்டினாய். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் திரைச்சீலைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டினாய். இன்றுவரை ஒரு வகுப்புக்குள் காலெடுத்து வைத்ததில்லை. நீ பாடமே நடத்தாத ஆசிரியை. நான் ஆசிரியையே ஆகாமல் பாடம் நடத்துகிறவள். நம் இருவரையும் சேர்த்துத் தைத்தால் ஒரு முழு டீச்சர் கிடைப்பார் என்று அத்தான் சொன்னதாகச் சொன்னாய். நான் சிரிக்கவில்லை என்று வருத்தப்பட்டாராம். சிரித்தேன், போனை வைத்த பிறகு.

பள்ளிக்கூடத்தில் இன்று நடந்தது எப்படியும் உன் காதுக்கு வரும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அதற்கு முன்னால் நானே முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பட்டம் வாங்கிய நாளிலிருந்து வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தை இழுத்து மூடியதும், இந்தப் பள்ளியில் அறிவியலுக்கு உதவியாளராகச் சேர்ந்ததும் உனக்குத் தெரியும். தேர்வில் தேறும்வரை ‘ஆசிரியை’ என்ற சொல் எனக்குக் கிடையாது. தலைமையாசிரியை மிகவும் நியாயமானவர். மற்றவர்கள் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் அவர் விதிப் புத்தகத்தைப் படிப்பார். எந்த வேளைக்கு எத்தனை என்று பிசகாது. தேறாதவர் வகுப்பில் ஆசிரியருக்குரிய மேசை, நாற்காலி, கரும்பலகை ஆகியவற்றைப் பயன்படுத்தக்கூடாது, தேறிய ஒருவர் கூடவே இருக்கவேண்டும் என்று அதில் போட்டிருக்கிறதாம். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“மேசை கூடாது, நாற்காலி கூடாது, போர்டு கூடாது. மத்தபடி நீங்க தாராளமா நடத்துங்க.”

“எங்கே நின்னு நடத்தறது?”

“பின்னாடி எவ்வளவு இடம் கிடக்கு!”

“உட்காரணும்னா?”

யோசித்தார். “ஸ்டூல் போட்டுக்குங்க. ஸ்டூல் நாற்காலியில சேராது. அதுக்கு முதுகு கிடையாது பாருங்க.”

இப்படியாக எட்டாம் வகுப்பின் பின்சுவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் என் ஆசிரியப் பணி தொடங்கியது. கரும்பலகைக்கு முன்னால், மேசையில், நாற்காலியில், தேறிய ஆசிரியராகக் கணக்கு சார் உட்கார்ந்திருந்தார். அவருக்கு என் வகுப்பில் வேலை எதுவும் இல்லை, இருக்கவேண்டும், அவ்வளவுதான். இருந்தார். கட்டுக்கட்டாகக் கணக்குத் தாள்களைக் கொண்டுவந்து, சிவப்பு மசிப் பேனாவால் தலை நிமிராமல் திருத்துவார். பேனாவுக்குப் புட்டியிலிருந்து மசி ஊற்றிக்கொள்ளும் பழக்கம் இந்தக் காலத்தில் அவரிடம்தான் மிச்சமிருக்கிறது. வலது கை விரல் மூன்றும் எப்போதும் சிவப்பாகவே இருக்கும். முதல் மாதம் முழுக்க அவர் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம், “ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்றீங்களா, தாள் பறக்குது.”

பிள்ளைகள் முதலில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் கழுத்துவலி என்று வீடுகளிலிருந்து சீட்டு வர ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் நான் சொல்லாமலே மேசை பெஞ்சையெல்லாம் தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அதுவரை கடைசி பெஞ்சில் சுவரோடு சுவராகச் சாய்ந்து காலம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் முதல் பெஞ்ச் ஆனார்கள். அவர்கள் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். மழைக்கு ஒதுங்கியவனை மணமேடையில் ஏற்றியதுபோல் இருந்தது. ஒவ்வொரு அறிவியல் பீரியடுக்கும் திருப்புவது, முடிந்ததும் மறுபடி திருப்புவது என்று போய்க்கொண்டிருந்தது. எங்கள் வகுப்புக்கு நேர் மேலே மாடியில் தலைமையாசிரியையின் அறை. “மூணாவது பீரியட் ஆனா கீழ என்ன, தினம் தினம் வீடு மாத்தறாங்களா?” என்று கேட்டனுப்பினார். சத்தம் வேண்டாம் என்று பிள்ளைகள் திருப்பிய பெஞ்சைத் திருப்பியபடியே விட்டுவிட்டார்கள். அடுத்த பீரியடுக்கு வந்த வரலாறு மிஸ் வகுப்பு முழுவதும் தனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தன்னை எதிர்த்து ஏதோ போராட்டம் என்று நினைத்து, வாசலோடு திரும்பிப் போய் ஓய்வறையில் உட்கார்ந்து அழுதார். எதற்காகப் போராட்டம் என்று அவராகவே மூன்று காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். மூன்றும் நியாயமானவை.

அதற்கடுத்து ஒரு தாயார் வந்தார். பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் என்பதால் இடையில் நிறுத்தும் வழக்கம் அவருக்கு இல்லை.

“என் பொண்ணு முதல் பெஞ்ச். அந்த இடத்துக்காக ஜூன் மாசம் முதல் நாள் காலைல ஆறு மணிக்கே வந்து பையை வச்சிட்டுப் போனவ நான். இப்ப கேட்டா கடைசி பெஞ்சுங்கறா. என்ன தப்பு பண்ணினா அவ?”

“எந்தத் தப்பும் பண்ணலைங்க. அதே பெஞ்சுலதான் இருக்கா. பெஞ்சு நகரலை.”

“பின்ன எது நகர்ந்துது?”

“நான்தான்.”

“அப்ப நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க, முடிஞ்சுது.”

“எனக்கு அந்தப் பக்கம் அனுமதி இல்லைங்க.”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிடுங்கலாமா, அடைத்து வைக்கலாமா என்று பல்லைப் பார்க்கிற பார்வை. பிறகு நேரே மாடிக்குப் போனார். தலைமையாசிரியை விதிப் புத்தகத்தில் ‘முதல் பெஞ்ச்’ என்ற சொல்லே இல்லை என்று எடுத்துக் காட்டி அனுப்பிவைத்தார். இல்லாத சொல்லுக்கு இல்லாத உரிமை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இனி சுவர் விஷயம். நான் ஒதுங்கி நிற்கிற அந்தப் பின்சுவரில், என் தலைக்குச் சற்று மேலே, ஒரு ஈரத்திட்டு இருந்தது. எல்லாப் பள்ளிச் சுவரிலும் இருப்பதுதான். இவ்வளவு நாளும் யாரும் அதைப் பார்த்ததில்லை. வகுப்பு அந்தப் பக்கம் திரும்பியதே இல்லையே. இப்போது நாற்பது பேர் தினமும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போர்டு இல்லாத எனக்கு அது ஒன்றுதான் போர்டு. ஆவியாதல் என்று பாடம் வந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு உயர்ந்த ஒருவன், வகுப்பில் ‘கட்டில்’ என்று பெயர், உட்கார்ந்தபடியே தூங்குவான் என்பதால், அவன் கையைத் தூக்கி, “மிஸ், எல்லாத் தண்ணியும் ஆவியாயிடும்னா இது மட்டும் ஏன் காயவே மாட்டேங்குது? எங்கிருந்து வருது?” என்று கேட்டான்.

“தெரியலை” என்றேன்.

அக்கா, நான் சொன்னது அந்த (அ), (ஆ), (இ), (ஈ) எதிலும் இல்லை என்பது அந்த நிமிஷமே எனக்கு உறைத்தது. ஆனால் வேறென்ன சொல்வது? எங்கள் பரிசோதனைக்கூடத்தில் ஒரு கேள்விக்கு விடை தெரியாவிட்டால் யாரும் யாரையும் பாராட்டமாட்டார்கள், உறுதிமொழியும் கொடுக்கமாட்டார்கள். போய் அளந்துகொண்டு வருவார்கள். அதனால் அளந்தோம். திட்டின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினோம். அடுத்த வாரம் இன்னொரு கோடு. வெயில் காய்ந்த வாரம் கூடிற்று; மழை பெய்த வாரம் அப்படியே நின்றது. ஆகவே மழை இல்லை. விடுமுறை வந்த வாரம் கூடவில்லை. ஆகவே பள்ளிக்கூடம் நடந்தால்தான் ஈரம் நடக்கிறது. நேர் மேலே தலைமையாசிரியையின் அறை. அந்த அறையின் மூலையில் ஒரு கைகழுவும் பேசின். வகுப்பு முழுக்கக் குசுகுசுவென்று பேச்சு. அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து, தலை நிமிராமல், ஒரு குரல்:

“குழாய் எந்தப் பக்கமாச் சாய்ஞ்சு இறங்குது?”

கணக்கு சார். நாற்பது தலைகளும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பின. அவர் உடனே ஒரு தாளுக்குப் பெரிய முட்டை ஒன்று போட்டு, ஒன்றுமே பேசாதவர்போல் அடுத்ததை எடுத்தார்.

அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். அதுதான் இவ்வளவுக்கும் வினை. எந்தச் சாக்கடை எந்தக் கிணற்றில் கசிகிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் மேலே சாயம் ஊற்றிவிட்டுக் கீழே காத்திருப்போம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கட்டில் தூக்கம் கலைந்து எழுந்து நின்றான். “ஊத்துவோமா மிஸ்?” என்றான். அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது என்றேன். மாடிக்குப் போய் அனுமதியும் கேட்டேன். “என் பேசின்ல சாயமா? அதுல நான் பல் தேய்க்கறேன்!” என்றார் தலைமையாசிரியை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பல் தேய்க்கும் பழக்கம், அந்த டாக்டர் அம்மா சொல்லி வந்தது. நான் கீழே வந்து, அனுமதி இல்லை, அறிவியலில் பாதி காத்திருப்பதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். நாற்பது முகமும் வாடிப்போயிற்று. அந்தப் பக்கம் கணக்கு சார் பேனாவை மூடி வைத்துவிட்டு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அன்றே நான் கவனித்திருக்கவேண்டும்.

இன்று கல்வித்துறை ஆய்வாளர் வந்தார். தலைமையாசிரியை பூங்கொத்தோடு வாசலில் நின்றிருந்தார். பெஞ்சுகளை நேராகப் போடச் சொல்லி முன்தினமே உத்தரவு, போட்டுமிருந்தார்கள். ஆனால் மூன்றாவது பீரியட் மணி அடித்ததும் கை பழகிய வேகத்தில் திருப்பிவிட்டார்கள். ஆய்வாளர் கதவைத் திறந்தபோது அவருக்கு நாற்பது பின்னந்தலைகள் காட்சி கொடுத்தன. கணக்கு சார் வழக்கம்போல் மேசையில் உட்கார்ந்திருந்தார். ஆச்சரியமாக, அவர் எதிரே தாள் எதுவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வகுப்புக்கு யாரு ஆசிரியர்?” என்றார் ஆய்வாளர்.

பாதிப் பேர் முன்னால் கை காட்டினார்கள், பாதிப் பேர் பின்னால். கட்டில் இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் காட்டினான்.

“நீங்க யாரும்மா?”

“உதவியாளர், சார்.”

“யாருக்கு உதவி?”

நான் கணக்கு சாரைப் பார்த்தேன். கணக்கு சார் சுவரைப் பார்த்தார்.

ஆய்வாளர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “இன்னிக்கு என்ன பாடம்?”

“ஈரம், சார்” என்றாள் டாக்டர் மகள், தன்னுடைய கடைசி பெஞ்சிலிருந்து.

“புத்தகத்துல எந்தப் பக்கம்?”

“புத்தகத்துல இல்ல சார். சுவத்துல இருக்கு.”

அவர் சுவரைப் பார்த்தார். நானும் திரும்பினேன். திட்டின் மேல் ஓரத்தில், நூல் பிடித்ததுபோல, ஒரு சிவப்புக் கோடு. நாங்கள் பார்க்கப் பார்க்க அது தடித்தது, கிளை விட்டது, உள்ளங்கை அகலத்துக்குப் பரவிச் சுவரில் வழிய ஆரம்பித்தது. ஆய்வாளர் இரண்டடி பின்னால் போனார். அவருடைய உதவியாளர் (அவருக்கும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு நாற்காலி உண்டு) “ரத்தம்!” என்றார். அதற்குள் வகுப்பு எழுந்துவிட்டது. “மேலேர்ந்துதான்! மேலேர்ந்துதான்!” என்று பிள்ளைகள் பெஞ்ச் மேல் ஏறிக் குதிக்கிறார்கள், கட்டில் விசிலடிக்கிறான், டாக்டர் மகள் யாரையோ கட்டிக்கொண்டு அழுகிறாள், இந்த ஆரவாரத்தின் நடுவில் ஆய்வாளர் சுவரைத் தொட்டு, விரலை மோந்து பார்த்து, ரத்தமில்லை என்று தெரிந்ததும் கோபப்பட ஆரம்பித்தார். ரத்தமாக இருந்திருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது என்று தோன்றுகிறது. அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து தலைமையாசிரியை இறங்கி வந்தார். கையில் பிரஷ். ஆய்வாளர் மத்தியானத்துக்குள் போகமாட்டார் என்று பல் தேய்ப்பதை முன்கூட்டியே முடிக்கப் போனவருக்குப் பேசின் சிவப்பாக, குழாய் திறந்தபடி, காட்சி கொடுத்திருக்கிறது.

“யாரு பண்ணினது?”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிஜமாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. மேசைமேல் வழக்கமாக இருக்கும் மசிப்புட்டி இல்லை. கணக்கு சார் கையைக் கட்டியபடி, மூன்று விரலைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு, முதல் தடவை தப்பு செய்து மாட்டப்போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது அவருக்கு. “இப்படிச் செய்யலாம்னு சொல்லிக்கொடுத்தது நான்தான் மேடம்” என்றேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ஆய்வாளர் தன் அறிக்கையில், ‘வகுப்பறை எந்தத் திசையில் இயங்குகிறது என்பதற்கு விளக்கம் தேவை’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தலைமையாசிரியை சாயங்காலம் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நாளையிலேர்ந்து வகுப்புக்குள்ள வரவேண்டாம். நூலகத்துல புத்தகத்துக்கெல்லாம் அட்டை போடுங்க. தேர்வுல தேறினா அப்புறம் பார்க்கலாம். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், ஞாபகம் இருக்கா?” என்றார். ஞாபகம் இருக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசித்துவிட்டேன், அக்கா. விண்ணப்பிக்கப்போவதில்லை. அந்தக் கேள்வி மறுபடியும் வரும். மறுபடியும் நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு வரப்போகிற மாதத்தோடு ஐம்பது. இந்த வயதில் மணியடித்து எழுப்பப்பட எனக்கு விருப்பம் இல்லை. கடையில் கணக்கு வழக்கு பார்க்க ஆள் வேண்டும் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாய். திங்கட்கிழமை காலை வண்டியில் வருகிறேன். திரைச்சீலைகள் கேள்வி கேட்காது. நீ அனுப்பிய கையேடு இரண்டையும் இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன். யாராவது இளைய பிள்ளைகளுக்குக் கொடு. நூலகத்தில் அட்டை போடுவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மூன்றாவது பீரியடில் மேசை திருப்பும் சத்தம் அங்கே கேட்கும், அல்லது கேட்காது. இரண்டையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம் இல்லாவிட்டால் யாரிடம் சொல்வது. இத்தனை வருஷம் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைச் சோதித்தேன். ஒரு பாட்டில்கூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தப் பிள்ளைகள் மேசையோடு திரும்பினார்கள்.

போதும். அத்தானுக்கு என் வணக்கம். உன் மகளுக்கு என் ஆசி. அவள் எந்தத் தேர்வு எழுதினாலும் கேள்விகளோடு உறவு வைத்துக்கொள்ளாமல் விடையைக் குறித்துவிட்டு எழுந்து வரட்டும். உன் முழங்காலும் உன் கோபமும் சீக்கிரம் இறங்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: மேலே கண்டதை நேற்று எழுதினேன். தபால் நிலையம் மூடிவிட்டதால் அனுப்பவில்லை. இன்று நடந்ததை, நடந்தபடி, எழுதிவிடுகிறேன்.

காலையில் ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். தலைமையாசிரியை அறையில் இல்லை. எட்டாம் வகுப்பில் இருக்கிறார் என்றார்கள். வாசலில் நின்று பார்த்தேன். பெஞ்செல்லாம் உத்தரவுப்படி கரும்பலகையைப் பார்த்து இருந்தன. கணக்கு சார் சாக்பீஸோடு பலகை முன்னால் நின்றிருந்தார். பிள்ளைகள் அவருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் பின்னால் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்சுவர் ஓரமாக என் ஸ்டூலில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார்.

“மேடம், ஊத்தினது நான்” என்று கணக்கு சார் பலகைப் பக்கமே பார்த்தபடி சொன்னார்.

“தெரியும் சார். பேசின் ஓரத்துல உங்க புட்டி மூடி கிடந்துது. நீங்களா சொல்றீங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “வாங்க. நேத்து சாயங்காலமே பேசின் குழாயை மூடிட்டேன். இன்னிக்குப் பல்லே தேய்க்கலை. இதைப் பாருங்க.”

பார்த்தேன். சிவப்பு நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. ஆனால் ஈரம் கடைசிப் பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. சிவப்பில்லாத, வெறும் தண்ணீர்.

“ஒரு ராத்திரில காயாது, ஒத்துக்கறேன்” என்றார். “ஆனா வளரக்கூடாது இல்லையா?”

“குழாய்ல மிச்சம் இருந்தது கசிஞ்சிருக்கலாம்” என்றேன்.

“மிச்சம்னா சிவப்பா இருக்கணுமே மிஸ்” என்றான் கட்டில். நன்றாக விழித்துக்கொண்டிருந்தான்.

“அப்ப எங்கிருந்துதான் வருது?” என்றார் தலைமையாசிரியை.

“தெரியலை, மேடம்” என்றேன். அவர் எனக்கு நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. விதிப் புத்தகத்தை மடியில்தான் வைத்திருந்தார், பிரித்தார். கட்டடப் பராமரிப்புக்கு வகுப்பறைக்குள் உதவியாள் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அவருக்குத் தகுதித் தேர்வு தேவையில்லை என்று வாசித்துக் காட்டினார். “இந்தச் சுவர் காயற வரைக்கும் நீங்க சுவர் உதவியாளர். சுவர் பின்னாடி இருக்கறதால பின்னாடிதான் நிக்கணும். பிள்ளைங்க எந்தப் பக்கம் பார்க்கணும்னு இதுல எதுவும் போடலை.” கடைசி வாக்கியத்தை அவர் முடிப்பதற்குள் மேசைகள் திரும்பிவிட்டன.

கையேடுகள் பார்சலில் இல்லை, தேடாதே. திங்கட்கிழமை வரவில்லை, கடைக்கு வேறு ஆள் பார். விண்ணப்பத்தை மத்தியானமே போட்டுவிட்டு வந்தேன். சுவர் எந்நேரமும் காய்ந்துவிடலாம், அதற்குள் தேறியாக வேண்டும். அந்தக் கேள்விக்கு நீ அன்றைக்கு எதைக் குறித்தாய் என்று மட்டும் எழுது.

சாயங்காலம் புதுக் கோடு போட்டோம். கட்டில் பென்சிலை நீட்டினான். தலைமையாசிரியை வாங்கி, ஸ்டூல்மேல் ஏறி, கோட்டை அவரே போட்டார். தேதியும் எழுதினார்.